பால்மா மட்டையில் வந்த கடிதம்

எங்கள் கோயில் பங்கின் ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி கேட்டார்கள். கேட்டவர்களின் மனதில் சமையல் குறிப்புத்தான் இருந்திருக்கும். பாதி ஆயுளுக்கு மேல் இத்தாலியத் தீவு நகரமான பலெர்மோவில் கழித்த மன்னார்ப் பெண்ணிடம் வேறு என்னத்தைக் கேட்பார்கள்? நானும் கணவாய்க் கறி பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். அந்த ஞாயிறு பூசை முடிந்து வெளியே வரும்போது, புகலிடம் கேட்போரை விசாரிக்கும் அலுவலகத்தில் நான் ஓய்வுபெற்ற பின் எனது மொழிபெயர்ப்பாளர் கதிரையில் இருக்கும் பிள்ளை என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, இனி எங்களுக்கு வேலை குறையப் போகுது. ஒரு மெஷின் வருதாம். தமிழிலை கதைச்சால் அது இத்தாலியனிலை சொல்லுமாம்."

"'பிள்ளையள்' எண்டு சொல்லிப் பாத்தனியோ?"

"ஓம், பாத்தன். 'பம்பீனி' எண்டுது."

பம்பீனி என்றால் சின்னக் குழந்தைகள். எனக்குக் கணவாய்க் கறி மறந்தே போய்விட்டது. வீட்டுக்கு வந்து வேறு தாள் எடுத்தேன்.

இதில் வரும் பெண்ணுக்குத் தவமலர் என்று நானாகப் பெயர் வைத்திருக்கிறேன். விசாரணை அறையில் கேட்டதை வெளியே சொல்வதில்லை என்று சத்தியம் செய்த வாய் இது. ஆகவே அவளிடமே போய்க் கேட்டேன். "எழுதுங்கோ அக்கா. ஆனா என்னைப் பெரிய ஆளாக்கிப்போடாதேங்கோ" என்றாள். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவள் பேச்சைக் கேட்க என்னால் முடியாது.

நான் மொழிபெயர்ப்பாளர் ஆன கதையை நீட்டினால் மலரில் மற்றவர்களுக்கு இடம் இருக்காது. லிபெர்த்தா வீதியில் ஒரு வக்கீலின் விதவைக்குச் சமைத்து, துடைத்து, மருந்து கொடுத்துக்கொண்டிருந்தேன். அந்தச் சின்யோராவுக்குக் கால்தான் வராது, வாய் நன்றாக வரும். என் இத்தாலியனில் பிழை பிடிப்பதுதான் அவருடைய பொழுதுபோக்கு. வினைச்சொல்லைப் பிழையாகச் சொன்னால், திருத்திச் சொல்லும்வரை கரண்டிக்கு வாயைத் திறக்க மாட்டார். ஒருவருக்குச் சோறூட்டுவதற்காக இலக்கணம் படித்தவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். பிறகு பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்க, குவெஸ்தூரா என்ற பொலிஸ் தலைமையக வரிசையில் நிற்கும் எங்கள் சனத்துக்காகக் கதைக்கத் தொடங்கினேன். "இந்தப் பெண் தன் பங்குக்கு ஒன்றும் சேர்ப்பதில்லை" என்று அங்கே ஓர் அதிகாரி கவனித்தார். அவர் வழியாக வந்ததுதான் இந்த வேலை.

சேர்க்காமலும் விடாமலும் சொல்வது என்பது கேட்க லேசாக இருக்கும். செய்து பார்த்தால்தான் தெரியும். எதிரே இருப்பவர் "நான் பயந்தேன்" என்றால் நானும் "நான் பயந்தேன்" என்றுதான் சொல்ல வேண்டும். "அவர் பயந்தாராம்" என்று சொல்லக்கூடாது. அவர் திக்கினால் அந்தத் திக்கலும் இத்தாலியனில் வர வேண்டும். அவர் பொய் சொன்னாலும் அந்தப் பொய்யை அப்படியே ஒப்படைக்க வேண்டும். எனக்கு ஏதாவது சொல்ல இருந்தால் கையை உயர்த்தி, "மொழிபெயர்ப்பாளர் ஒன்று சொல்ல விரும்புகிறார்" என்று என்னையே மூன்றாம் ஆளாக்கிக் கேட்க வேண்டும். வீட்டிலும் ஒருநாள் அந்தப் பழக்கத்தில் கையை உயர்த்திவிட்டேன். என் மனுசன் பயந்துபோய்ப் பெட்டியடியில் வைத்திருந்த சாராயப் போத்தலைத் தானாகவே காட்டிக்கொடுத்தார்.

என் காலத்தில் அந்த அறைக்குத் தலைவியாக இருந்தவரை எல்லோரும் தொத்தோரெஸ்ஸா, படித்த பெண்களுக்கு இங்கே சொல்லும் மரியாதைப் பெயர், என்றுதான் அழைப்போம். பலெர்மோவில் பிறந்து வளர்ந்தவர். விசாரணை தொடங்குமுன் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் கவிழ்த்து வைப்பார். கேள்வியை என்னிடம் கேட்க மாட்டார். அந்த ஆளின் கண்ணைப் பார்த்துக் கேட்பார். அவர்களுக்கு இத்தாலியன் விளங்காது என்று தெரிந்தும், பதில் தமிழில் வந்துகொண்டிருக்கும்போதும் கண்ணை எடுக்க மாட்டார். ஒருவர் சொல்லத் தடுமாறினால் சொல் எடுத்துக் கொடுக்க மாட்டார், காத்திருப்பார். கோபம் வந்தால் அவருடைய குரல் தாழும். அந்தக் குரல் தாழ்ந்தால் வக்கீல்மார் தங்கள் சப்பாத்தைப் பார்ப்பார்கள். குளிர் முடியும் காலத்தில் நகர் ஓரத்துச் சியாகுல்லித் தோட்டங்களிலிருந்து பிந்திப் பழுக்கும் மண்டரின் தோடம்பழம் கொண்டுவருவார். இடைவேளையில் உரித்து, விசாரிக்கப்படுபவருக்கு முதல் பாதி கொடுப்பார். பழம் தின்று முடியும்வரை யாரும் வழக்கைப் பற்றி வாய் திறக்கக்கூடாது. அவருக்குக் கீழே வேலை செய்ததை நான் என் பாக்கியங்களில் ஒன்றாகத்தான் எண்ணுகிறேன்.

தவமலர் வன்னிப் பெண். போர் முடிந்து, தடுப்பு முகாமில் இருந்து, பிறகு பல நாடுகள் சுற்றி இந்தத் தீவுக்கு வந்து சேர்ந்தவள். இயக்கத்தின் மருத்துவப் பிரிவில் காயப்பட்டவர்களைப் பார்த்ததாக முதல் நாளே மறைக்காமல் சொல்லியிருந்தாள். துவக்குத் தூக்கவில்லை, கலியாணம் ஆகவில்லை, பிள்ளைகள் இல்லை என்றும் சொல்லியிருந்தாள். சாட்சியாக அவளிடம் இருந்தது ஒரே ஒரு பொருள். போரின் கடைசி நாட்களில் ஒரு தளபதி அவளுக்கு எழுதிய கடிதம்.

அந்தத் தளபதியின் பெயரை எழுத மாட்டேன். எழுதினால் மலரை மூடிவைத்துவிட்டுச் சண்டை பிடிப்பீர்கள். பிரான்காச்சோவில் எங்கள் ஆட்கள் இருக்கும் அடுக்குமாடிகளில், அந்தோனியாருக்குப் பக்கத்தில் அவருடைய படம் தொங்குவதைக் கண்டிருக்கிறேன் என்பதோடு விடுகிறேன்.

கடிதத்தை வேறொரு நகரத்தில் யாரோ இத்தாலியனுக்கு மாற்றி, முத்திரை குத்தி அனுப்பியிருந்தார்கள். அதில் முதல் வரி இப்படி இருந்தது: "சகோதரியே, உன் கட்டளையின் கீழ் உள்ள குழந்தைகளை வீட்டுக்கு அனுப்பு." அந்த வரிக்குக் கீழே சிவப்பில் கோடு. குழந்தைகளைப் படையில் வைத்து நடத்தியவர்களுக்கு இந்த நாட்டில் புகலிடம் கிடையாது. அந்த வரி உண்மையென்றால் அவளுடைய கதை அன்றோடு முடிந்தது. திருப்பி அனுப்பப்பட்டால் விமான நிலையத்தில் யார் காத்திருப்பார்கள் என்பதை அவளும் அறிவாள், நானும் அறிவேன். அவளுடைய வக்கீல் இளம் ஆள். கோப்பைத் திறந்ததிலிருந்து தண்ணீர் குடித்துக்கொண்டே இருந்தார்.

தொத்தோரெஸ்ஸா வழக்கம்போல முதலில் என்னிடம் கேட்டார். இந்தப் பெண்ணோடோ, இந்த வழக்கோடோ எனக்கு ஏதாவது தொடர்பு உண்டா? நான் உள்ளதைச் சொன்னேன். என் தங்கையின் மகனை இயக்கம் பிடித்துக்கொண்டு போனது, மீசை அரும்பாத வயது, அவன் திரும்பி வரவில்லை. இதைத் தமிழிலும் சொல்லச் சொன்னார். சொன்னேன். வேறு மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்று தவமலரைப் பார்த்துக் கேட்டார்.

"எங்களிலை ஆரின்ரை வீட்டிலை ஒருத்தரும் போகேல்லை?" என்றாள் தவமலர். "இவ இருக்கட்டும்."

கடிதத்தின் மூலத்தை ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் கொண்டுவந்தார்கள். பால்மாப் பெட்டியைப் பிரித்து, அதன் உள்பக்கத்தில் எழுதிய கடிதம். மட்டை சற்று வளைந்திருந்தது. நீலப் பேனை. கோடு போட்டது போல நேரான வரிகள். ஓரிடத்தில் பேனை எழுதாமல் போக, அழுத்திக் கீறிப் பார்த்து, திரும்ப அந்தச் சொல்லிலிருந்தே தொடங்கியிருந்தார்.

"முதலில் தமிழில் வாசியுங்கள்" என்றார் தொத்தோரெஸ்ஸா. "எப்படிக் கேட்கிறது என்று எனக்குத் தெரிய வேண்டும்."

வாசித்தேன்.

"தங்கச்சி, உன்னட்டை இருக்கிற பிள்ளையளை வீட்டை அனுப்பு. நடக்கக் கூடியவை நடக்கட்டும். ஏலாதவையை மற்றவை தூக்கட்டும். உடுப்பை மாத்தி, சனத்தோடை சேர்ந்து போகச் சொல்லு. ஒருத்தரும் மறிக்கக் கூடாது. மறிச்சால் இந்த மட்டையைக் காட்டு. ஆர் கேட்டாலும் நான் சொன்னனான் எண்டு சொல்லு. போறது பிழை எண்டால் அது என்ரை பிழை, பிள்ளையளின்ரை இல்லை. ஏதும் சாப்பிடக் குடுத்து அனுப்பு. நீயும் போ. இது கட்டளை இல்லை. நான் கேக்கிறன்."

அதன் கீழே அவருடைய பெயர்.

அந்த மனிதர் மேல் எனக்கு இருந்தது கோபம்தான், இன்றைக்கும் இருக்கிறது. ஆனாலும் எத்தனையோ பேரைச் சாவுக்குள் அனுப்பிய அதே கை, வானத்திலிருந்து குண்டுகள் கொட்டிக்கொண்டிருந்த நேரத்தில், பிழை என் பெயரில் இருக்கட்டும் என்று எழுதியிருக்கிறது. சாப்பிடக் கொடுத்து அனுப்பு என்று எழுதியிருக்கிறது. அவரை நான் மன்னித்துவிட்டேன் என்று யாரும் கதை கட்ட வேண்டாம். மலைத்துப்போய் இருந்தேன், அவ்வளவுதான்.

பிறகு கையை உயர்த்தினேன். "மொழிபெயர்ப்பாளர் ஒன்று சொல்ல விரும்புகிறார்."

"சொல்லட்டும்."

"முதல் வரியில் 'கட்டளை' என்ற சொல் இல்லை. 'உன்னிடம் இருக்கிற' என்றுதான் இருக்கிறது. 'பிள்ளையள்' என்பது குழந்தைகளைக் குறிக்கும். எங்கள் பக்கத்தில் இயக்கத்துக்குப் போனவர்களையும் அப்படித்தான் சொல்வார்கள், எந்த வயது என்றாலும்."

உண்மைதானே. கடைக்காரர், சுவாமியார், பால்காரி எல்லோருக்கும் அவர்கள் பிள்ளையள்தான். "பிள்ளையள் வந்திட்டினம்" என்று மன்னாரில் யாராவது சொன்னால் நாங்கள் கதவைத் திறப்பதா சாத்துவதா என்று யோசிப்போம். பள்ளிக்கூடம் விட்டுவிட்டது என்று யாரும் நினைக்க மாட்டோம்.

"இந்தக் கடிதத்தில் எந்தப் பொருள்?" விசாரணை தொடங்கியபின் முதல்முறையாகத் தொத்தோரெஸ்ஸா என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

போராளிகள் என்று சொல்ல நாக்கு நுனியில் வந்துவிட்டது. சொல்லியிருந்தால் சிவப்புக் கோடு அந்த இடத்திலேயே அழிந்திருக்கும். குழந்தைகள் என்று சொல்லும்படி என் தங்கையின் மகனும் உள்ளுக்குள் இழுத்துக்கொண்டிருந்தான். இரண்டையும் விழுங்கினேன்.

"அதை மொழிபெயர்ப்பாளர் சொல்ல முடியாது. எழுதியவர் இல்லை. கடிதம் கிடைத்தவர் இருக்கிறார்."

அவர் தலையசைத்துவிட்டுத் தவமலர் பக்கம் திரும்பினார். வக்கீல் அவளுடைய காதுக்குக் குனிந்தார். தொத்தோரெஸ்ஸாவின் குரல் தாழ்ந்தது. "வக்கீல் ஐயா, கேள்வி உங்களுக்கு இல்லை." அவர் சப்பாத்தைப் பார்த்தார்.

"எல்லாரும் வளர்ந்த ஆக்கள்" என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அதை மறுக்க உலகத்தில் யாரும் இல்லை. நான் மனதுக்குள் சொல்லு, சொல்லு என்று வேண்டிக்கொண்டிருந்தேன்.

"ரெண்டும்தான்" என்றாள் தவமலர்.

அதை அப்படியே இத்தாலியனில் சொன்னேன். வக்கீல் கண்ணை மூடிக்கொண்டார்.

"என்னட்டைக் காயத்தோடை கிடந்த எல்லாரும் அந்தச் சொல்லுக்குள்ளை இருந்தவை. வளர்ந்தவையும் இருந்தவை. வளராததுகளும் இருந்ததுகள். அதுகளை ஆர் கொண்டுபோனது எண்டு எனக்குத் தெரியும், எனக்கும் அது பிடிக்கேல்லை. தாய்தேப்பனைத் துலைச்ச சின்னனுகளும் வந்து என்ரை பாயிலை படுத்ததுகள். நான் ஒருத்தரையும் சண்டைக்கு அனுப்பேல்லை. என்னட்டை வந்தவைக்குக் கட்டுப் போட்டனான்."

"கடிதம் கிடைத்ததும் என்ன செய்தீர்கள்?"

"கஞ்சி குடுத்தன். பிறகு கூட்டிக்கொண்டு போனன். எல்லையிலை எங்கடை ஆக்களே மறிச்சுக்கொண்டு நிண்டவை. ஒருத்தர் துவக்கை நீட்டினார். நரைச்ச தாடி, ஒரு கண்ணுக்குக் கட்டு. நான் மட்டையைக் குடுத்தன். வாசிச்சார். திரும்பவும் வாசிச்சார். பிறகு என்னட்டைக் கேட்டார்."

அவர் கேட்டபடியே சொன்னாள்.

"'தங்கச்சி, இதிலை பிள்ளையள் எண்டு கிடக்கு. நானும் அதுக்குள்ளை வருவனோ?' எண்டு கேட்டவர்."

"என்ன சொன்னீர்கள்?"

"ஓம் அண்ணை எண்டன். மட்டையைத் திருப்பித் தந்து, துவக்கை வைச்சிட்டு, கால் இல்லாத ஒரு பிள்ளையைத் தோளிலை தூக்கினவர்."

இதை இத்தாலியனில் சொல்லத் தொடங்கிப் பாதியில் நின்றேன். நரைத்த தாடிக்காரர் தன்னைக் கேட்ட அந்தச் சொல்லுக்கு நான் என்ன போடுவது? பம்பீனி என்றால் பைத்தியக்காரக் கேள்வி. போராளிகள் என்றால் அது கேள்வியே இல்லை. கையை உயர்த்தி, மொழிபெயர்ப்பாளருக்குச் சொல் இல்லை என்று சொன்னேன்.

தொத்தோரெஸ்ஸா இத்தாலியனை விட்டுத் தன் ஊர்ப் பேச்சில் மெதுவாகச் சொன்னார். "பிச்சோத்தி."

பலெர்மோத் தாய்மாருக்குப் பெடியன்கள் எல்லாம் பிச்சோத்தி. முந்தைய காலத்தில் இந்தத் தீவில் சண்டைக்குப் போனவர்களையும் சனம் அப்படித்தான் கூப்பிட்டதாம். எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. எங்களுடைய சொல்லுக்கு இங்கே ஒரு கூடப்பிறந்தது இருந்திருக்கிறது. ஆனால் அவரே தலையை ஆட்டி மறுத்தார்.

"எழுத முடியாது. வடக்கே இருந்து இதைப் படிப்பவர்கள் மாஃபியாக்காரரின் எடுபிடிகள் என்று நினைப்பார்கள். நீங்கள் உங்கள் சொல்லையே எழுத்துக் கூட்டுங்கள்."

எழுத்துக் கூட்டினேன். 'பிள்ளையள்' என்று இத்தாலிய எழுத்தில் வாக்குமூலத்தில் தட்டச்சு அடித்தார். இப்படிக்கும் அப்படிக்கும் பொருள்படும், வேறு சொல்லால் மாற்றக் கூடாது என்று கீழே குறிப்பும் போட்டார். அதன் பின் அந்தக் கோப்பில் எந்த இடத்திலும் அது பம்பீனி ஆகவில்லை.

"கடிதத்தின் முடிவில் 'நீயும் போ' என்று இருக்கிறது. போனீர்களா?"

"இல்லை."

"ஏன்?"

"தூக்கிறதுக்கு ஆள் காணாமல் கொஞ்சப் பேர் பாயிலை கிடந்தவை. அவையளட்டைத் திரும்பிப் போனன். ஆமி வரேக்கை அவையோடைதான் இருந்தனான்."

"தளபதி போகச் சொன்னாரே."

தவமலர் முதல்முறையாகத் தொத்தோரெஸ்ஸாவின் கண்ணை நேராகப் பார்த்தாள்.

"அவர் கட்டளை இல்லை எண்டுதானே எழுதினவர். கேட்டவர். நான் மாட்டன் எண்டிட்டன்."

மொழிபெயர்ப்பாளருக்கு ஒரு நிமிடம் வேண்டும் என்று கேட்டேன். அதுவரை அந்தக் கதிரையில் இருந்து நான் அப்படிக் கேட்டதே இல்லை. தண்ணீரைக் குடித்தேன். பிறகு, "அவர் கேட்டார். நான் மாட்டேன் என்றுவிட்டேன்" என்று இத்தாலியனில் சொன்னேன். இன்னொருவருடைய 'நான்' அத்தனை பாரமாக என் வாயில் வந்ததில்லை. அதுவரை தளபதியின் கடிதத்தை எண்ணித்தான் மலைத்துக்கொண்டிருந்தேன். அந்த இடத்தில் என் மலைப்பெல்லாம் முழங்கால் தேய்ந்த சீன்ஸ் போட்டுக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் பக்கம் போய்விட்டது.

பிடிபட்டபின் மட்டையை எப்படிக் காப்பாற்றினாள் என்றும் கேட்டார்கள். தன் கை முறிந்துவிட்டது என்று சொல்லி, அதையே முறிவுக்கு வைக்கும் பத்தையாக வைத்துக் கட்டியிருந்தாளாம், எழுத்து உள்பக்கமாக. தொத்தோரெஸ்ஸா மட்டையின் வளைவைப் பார்த்தார், அவளுடைய கையைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. வாக்குமூலம் முழுவதையும் திரும்ப அவளுக்குத் தமிழில் வாசித்துக் காட்டினேன். ஒவ்வொரு பக்கமாகக் கையெழுத்து வைத்தாள். அடித்துக் கொடுத்ததில் ஓர் இடத்தில்தான் திருத்தம் கேட்டாள். "கஞ்சி எண்டு போட்டிருக்கிறியள். அது வெறும் அரிசித் தண்ணி. பிறகு பொய் சொன்னன் எண்டு வரக்கூடாது."

முடிவு வர மாதக்கணக்காயிற்று. அதுவரை அவள் பிரான்காச்சோவில் ஒரு கதவுப் பட்டறையைக் கூட்டித் துடைத்துக்கொண்டிருந்தாள். என்னைக் கோயிலில் கண்டால் தலையாட்டுவாள், வழக்கைப் பற்றி மூச்சே விட மாட்டாள். எனக்குத்தான் நித்திரை இல்லை. அந்த "ரெண்டும்தான்" அவளைக் கவிழ்த்துவிடுமோ என்று நினைத்து நினைத்துப் பயந்தேன்.

கவிழ்க்கவில்லை. புகலிடம் கிடைத்தது. அவள் தனக்கு வசதியான பதிலைச் சொல்லாததே மற்ற எல்லாவற்றையும் நம்ப வைத்தது என்று தீர்மானத்தில் எழுதியிருந்தார்கள். அந்த வரியை வாசித்துக் காட்டும்போது நான் வெட்கமில்லாமல் அழுதேன். தொத்தோரெஸ்ஸா என்னைக் கண்டிக்காமல் யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு எழுந்து நின்று, மட்டையை இரண்டு கையாலும் எடுத்து அவளிடம் நீட்டினார். நின்றுகொண்டு அவர் யாருக்கும் எதையும் கொடுத்து நான் பார்த்ததில்லை. ஒரு கேள்வியும் கேட்டார். அது விசாரணைக் கேள்வி இல்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டார்.

"முகாமில் இது அகப்பட்டிருந்தால் உங்கள் உயிர் போயிருக்கும். இங்கேயும் இதனால்தான் மாட்டிக்கொள்ள இருந்தீர்கள். கடிதம் வேலையை முடித்த அன்றே ஏன் எறிந்துவிடவில்லை?"

தவமலர் மட்டையை வாங்கிக்கொண்டாள்.

"இது என்ரை கையிலை தந்த கடிதம். ஆனா எனக்கு எழுதினது இல்லை, போன பிள்ளையளுக்கு எழுதினது. அவை எந்தெந்த நாட்டிலை இருக்கினமோ தெரியாது. இருக்கினமோ எண்டும் தெரியாது. ஆராவது ஒருநாள் அவையளைப் பாத்து 'விட்டிட்டு ஓடி வந்தனியள்' எண்டு சொன்னால், அப்பிடி இல்லை எண்டு காட்ட ஒரு ஆள் வேணும்தானே."

தவமலர் புகலிடத் தீர்மானத்தை நாலாக மடித்துக் கைப்பைக்குள் செருகினாள். மட்டையை மடிக்காமல் நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு, பின்னேர வேலைக்குப் பிந்துகிறது அக்கா என்று சொல்லிவிட்டு, பஸ்ஸுக்குப் போனாள்.